ஆணை ஒருவருக்கு, பயணம் இருவருக்கு

எந்த நாட்டுப் பட்டாளமானாலும் சரி, உறுதிமொழி எடுத்துக்கொள்பவர் ஒருவரே. கை உயர்த்துபவர் ஒருவர், கையொப்பமிடுபவர் ஒருவர், சம்பளப் புத்தகத்தில் பெயர் ஏறுவதும் அவ்வொருவருக்கே. ஆனால் அவரைக் கடல் கடந்த தேசத்துக்கு அனுப்பும் ஆணை பிறக்கும் நாளிலோ, அதற்குக் கீழ்ப்படிவோர் இருவராகிவிடுகின்றனர். இரண்டாமவர் அவருடைய மனைவி.

அம்மனைவி துப்பாக்கி ஏந்துவதாக எவரிடமும் வாக்களித்தவள் அல்லள். அரசருக்கோ குடியரசுக்கோ கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்தவளும் அல்லள். எனினும் பிறந்த ஊரை விட்டு, பெற்ற தாயை விட்டு, தான் பார்த்துவந்த வேலையையும் விட்டு, பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஓர் ஊரிலே போய் இறங்குகிறாள். இறங்கிய சில தினங்களுக்குள் நான்கு வெறுஞ் சுவர்களை அவள் வீடாக்கிவிட வேண்டுமென்று எல்லோரும் எதிர்பார்க்கின்றனர். ஒருவர் தாம் கொடாத வாக்குக்கு எம்மட்டும் கட்டுப்பட்டவர்? அவ்வாறு கட்டுப்பட்டு நடந்தால், அவருக்குக் கடன்பட்டவர் யார்? இவ்விரண்டு வினாக்களையும் ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

"இது வெள்ளைக்காரர் வீட்டு விஷயமன்றோ? நமக்கென்ன?" என்று சில அன்பர்கள் கேட்கலாம். 1938ஆம் ஆண்டில் செம்பவாங் கடற்படைத் தளம் திறக்கப்பட்டது முதல், 1971ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் படைத் தலைமை சிங்கப்பூரை விட்டு நீங்கியது வரை, ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டுகள் நீங்கலாக, இத்தகைய பெண்கள் வந்து இறங்கிய கரை நம்முடைய கரையே. சாங்கி, சிலேத்தார், தெங்கா, செம்பவாங் ஆகிய இடங்களிலும், மலாக்காவுக்கு அருகிலுள்ள தெரெண்டாக் முகாமிலும், ஆஸ்திரேலிய விமானப் படையினர் தங்கிய பட்டர்வொர்த்திலும் அவர்கள் குடியிருந்தனர். அத்தளங்களில் துணி வெளுத்தோரும், புல் வெட்டியோரும், கிடங்குக் கணக்கு எழுதியோரும் நம்மவர் பலர். 1992 முதல் அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவொன்று செம்பவாங்கில் இயங்கி வருகிறது. ஆதலின் இது நம் வாசலில் நடந்த, இன்னும் நடக்கிற விஷயம்.

சீட்டில் எழுதிய விதி

பழைய சரித்திரத்தைச் சற்றே புரட்டுவோம். நெப்போலியனோடு பிரிட்டன் பொருத காலத்தில், கடல் கடந்து செல்லும் கம்பெனி ஒவ்வொன்றிலும் நூறு வீரருக்கு ஆறு மனைவியர் என்ற வீதத்திலேதான் உடன் செல்ல அனுமதி இருந்தது. அவ்வாறு பேர் யாவர்? தேவையைப் பார்த்தோ, கையில் குழந்தை உண்டா என்று பார்த்தோ அதைத் தீர்மானிக்கவில்லை. சீட்டுப் போட்டனர். 'போகலாம்', 'போகக் கூடாது' என்று எழுதிய துண்டுத் தாள்களைக் குலுக்கி, கப்பலேறும் தறுவாயில் ஒவ்வொருத்தியையும் ஒவ்வொன்று எடுக்கச் சொன்னார்கள்.

'போகலாம்' என்ற சீட்டு வாய்த்தவள் படையின் பின்னே காதக்கணக்கில் நடந்தாள். ஆடவர் பெறும் ரேஷனில் பாதி பெற்றாள். துணி துவைத்தும் தைத்தும் காயம்பட்டோரைப் பேணியும் உழைத்தாள். மற்றவள் துறைமுகத்தில் கைப்பிள்ளையுடன் நின்றாள். ஊர் திரும்பிய பின் அவளுடைய ஜீவனத்துக்கு வழியென்ன என்பது பட்டாளத்தின் கவலையாக இருக்கவில்லை. மேலதிகாரியின் அனுமதியின்றி மணஞ் செய்துகொண்டவளுக்கோ அந்தச் சீட்டை எடுக்கும் உரிமையும் கிடையாது. மாதாகோயிலில் அவள் மனைவி. பட்டாளத்துக் கணக்கில் அவள் யாருமல்லள்.

கிரிமிய யுத்தத்தின்போது ஸ்குட்டாரி ஆஸ்பத்திரியில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் செய்த அரிய தொண்டை அறியாதார் இலர். ஆனால் அதே கட்டிடத்தின் நிலவறைகளிலே, கணவரைத் தொடர்ந்து வந்த சாதாரணச் சிப்பாய்களின் மனைவியர் ஈரத்திலும் இருட்டிலும் கிடந்தனர் என்பதை எத்தனை பேர் அறிவர்? மேல்மாடியில் இருந்தவர்கள் பட்டாளத்தின் பெயர்ப்பட்டியலில் இருந்தனர். ஆகவே நோயாளிகள் எனப்பட்டனர். நிலவறையில் இருந்தவர்களுக்குப் பட்டியலே இல்லை. லேடி அலிசியா பிளாக்வுட் என்ற மாது, நைட்டிங்கேல் அம்மையாரின் வேண்டுகோளின்படி அவர்களைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்ற பிறகே அவர்கள் நிலை ஓரளவு சீர்பெற்றது. படைவீரர் குடும்பங்களுக்கென்று பிரிட்டனில் ஒரு சங்கம் தோன்றுவதற்கு அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகளாயின. அது 1885இல் நிறுவப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பெண்களை எவரும் வேண்டுமென்று வதைத்தாரில்லை. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, அவ்வளவே. பட்டியலில் இல்லாதாரின் துயரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தோட்டத்துக் காரியாலயத்தில் நாள்தோறும் செக்ரோல் எழுதும் நமக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் நம் தோட்டங்களில் எடுக்கும் 'பெரட்டு' என்ற சொல்லே பட்டாளத்துப் 'பரேட்'டின் மரூஉ என்பர். சொல் மட்டுமா அங்கிருந்து வந்தது? எண்ணப்பட்டவனே இருக்கிறான் என்ற எண்ணமும் உடன் வந்ததே!

முதல் நாட்கள்

இனி நம் நாட்டுக்கு வந்தவளின் முதல் நாட்களை நோக்குவோம். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில், சௌத்தாம்ப்டனில் துருப்புக் கப்பல் ஏறினால் சூயஸ் கால்வாய் வழியாகச் சிங்கப்பூர் வந்து சேர ஏறக்குறைய நான்கு வாரம். அது ஆபத்தற்ற பயணமும் அன்று. 1954 மார்ச்சில் கிழக்கிலிருந்து வீரர்களையும் சில குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு தாயகம் திரும்பிய 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் மத்தியதரைக் கடலில் தீப்பற்றியது. பிரயாணிகள் அனைவரும் பிழைத்தனர். இயந்திர அறையில் உழைத்த நால்வர் மாண்டனர். சத்தியம் செய்யாதவர்களும் அன்று சத்தியம் செய்தவர்களோடு ஒரே படகில்தான் ஏறினர்.

அவள் விட்டு வந்த தேசத்தில் 1954 ஜூலை வரை உணவுப் பங்கீடு இருந்தது. பங்கீட்டுப் புத்தகமும் கையுமாக வரிசையில் நின்று பழகியவள், இங்கே அன்னாசியும் வாழையும் குவிந்து கிடக்கும் சந்தையில் விலை பேசத் தெரியாமல் நின்றாள். வெயில் எரித்தது, மழை பெய்தால் பேச்சுக் கேட்கவில்லை, தோற்செருப்பில் சில நாட்களுக்குள் பூஞ்சணம் பூத்தது. துணி அலமாரிக்குள் சிறு மின்விளக்கொன்றை எரியவிட்டால் ஈரம் தங்காது என்று, முன்னமே வந்த பெண்ணொருத்தி சொல்லிக் கொடுத்தாள். இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகளே. சில்லறையாயினும் ஒரு நாளில் இருபது வந்தால் மனம் சோர்ந்து போகும்.

ஆனால் இவற்றினும் ஆழ்ந்தது வேறொன்று உண்டு. குடியிருப்பை ஒப்படைக்கும் நாளில் அலுவலர் ஒருவர் கையில் பட்டியலுடன் வருவார். நாற்காலி இத்தனை, தட்டு இத்தனை, கரண்டி இத்தனை, கண்ணாடியில் விரிசல் ஒன்று என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். வீட்டை விட்டுப் போகும் நாளிலும் அதே பட்டியல் வரும். குறைந்த கரண்டிக்குக் காசு கட்ட வேண்டும். கையொப்பமிடுபவர் கணவர். அவ்வீட்டில் சமைக்கப் போகிறவள், பிள்ளையைத் தூங்கவைக்கப் போகிறவள், நோயில் படுக்கப் போகிறவள் யாரோ, அவள் பெயருக்கு அத்தாளில் இடமில்லை. கரண்டிக்கு இருந்த இடம் அவளுக்கு இல்லாது போயிற்று.

பின்னர் அந்தஸ்து என்ற விஷயம் வந்து சேரும். எந்தத் தெருவில் குடியிருப்பது, யாருடன் தேநீர் அருந்துவது, எந்த மன்றத்தின் வாசலில் நுழைவது என்பனவெல்லாம் கணவரின் தோளிலும் கையிலும் தைத்த பட்டையைப் பொறுத்தவை. மேஜரின் மனைவி மேஜரைப் போலவும் கார்ப்பொரலின் மனைவி கார்ப்பொரலைப் போலவும் நடத்தப்பட்டனர். சத்தியத்தை ஒருவர் செய்ய, பதவியின் ஏற்றத்தாழ்வை இருவரும் சுமந்தனர். மானேஜர் பங்களா குன்றின் மேலும், கிராணி வீடு நடுவிலும், தொழிலாளர் லயம் பள்ளத்திலும் அமைந்த ஊரில் வாழும் நமக்கு இது புதுமையன்று.

இன்னும் பெட்டி பிரித்து முடிந்திராது; கணவர் காட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை இந்நாட்டில் நிலவிய அவசரகாலத்தில் படைப் பிரிவுகள் நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் காட்டில் அலைந்தன. அவள் கேட்டறியாத பூச்சிகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டு தனியே விழித்திருப்பாள். மறுநாள் தாய்க்குக் கடிதம் எழுதுவாள்: "யாவரும் நலம், வீடு அழகாக இருக்கிறது, இங்கே எப்பொழுதும் வெயில்." அக்கடிதத்தில் உண்மையும் உண்டு, பொய்யும் உண்டு. ஆயிரங் காதத்துக்கு அப்பாலுள்ள தாயை அழவைத்து ஆவதென்ன? தன் துன்பத்தைத் தானே விழுங்கி இன்னொருவருக்கு நிம்மதி தருவதும் உழைப்பே. அதற்கு எந்தச் சம்பளப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

'விரும்பித்தானே வந்தாள்?'

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். "அவள் ஒரு படைவீரனை அறிந்தே மணந்தாள். அப்பொழுதே எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள் என்பதன்றோ பொருள்? விரும்பி ஏற்ற வாழ்வுக்குப் பிறர் எப்படிக் கடன்பட்டவராவர்?" என்பர். இவ்வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. நேர்மையான பலர் இதை நம்புகின்றனர்.

முதலாவதாக, ஒரு மனிதனை மணக்கச் சம்மதிப்பது ஒன்று. அம்மனிதனுக்கு வரும் ஒவ்வோர் ஆணைக்கும் முன்கூட்டியே சம்மதிப்பது மற்றொன்று. மணநாளில் அவளிடம் எவரும் ஊர்ப் பெயர்களின் ஜாபிதாவை நீட்டவில்லை. வர மறுத்திருந்தால் அவளுக்கு எஞ்சியிருந்தது என்ன? இரண்டு மூன்று ஆண்டுப் பிரிவும், 'கணவனைத் தனியே விட்டாள்' என்ற ஊர்ப் பேச்சும். இரண்டு கதவுகளில் ஒன்றின் பின்னே பள்ளம் இருக்கையில், மற்றதன் வழியே நடந்தவளைப் பார்த்து 'நீயேதான் தேர்ந்தெடுத்தாய்' என்று கூறுவது நியாயமாகாது.

ஆயினும் இவ்விடையோடு நாம் நின்றுவிடுவது சரியன்று. வந்தவர்கள் யாவரும் இழுத்து வரப்பட்டவர்கள் என்று சித்திரிப்பது அவர்களை அவமதிப்பதாகும். பலர் மகிழ்ந்தே வந்தனர். கடலையும் வெயிலையும் காண வந்தனர். குளிர்ந்த சிற்றூரின் வதந்திகளினின்று தப்பி வந்தனர். கணவரோடு ஒரு கூரையின் கீழ் வாழ வேண்டுமென்ற ஒரே ஆசையால் வந்தனர். அவர்களுடைய விருப்பத்தை உள்ளபடியே ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொண்டால் அவ்வாதம் எங்கே போய் முடிகிறது என்பதையும் பார்ப்போம்.

கட்டுப்பட்டவன் செய்வது கடமை. கட்டுப்படாதவர் செய்வது கொடை. படைவீரன் ஆணைப்படி சென்றால் கொடுத்த வாக்கை நிறைவேற்றியவனாகிறான். அதற்கு ஊதியமும் பெறுகிறான். அவன் மனைவியோ எவ்வாக்கும் கொடாமலே அவ்வளவும் செய்கிறாள். பிறர்மீது உரிமையின்றி நாம் பெறும் ஒவ்வொன்றும் நம்மைக் கடனாளியாக்குகிறது. ஆகையால், 'அவள் விரும்பித்தானே வந்தாள்' என்று சொல்லிக் கடனைத் தள்ளிவிட நினைப்பவர், உண்மையில் அக்கடனை இரட்டிப்பாக்குகின்றனர். அவள் எவ்வளவுக்குச் சுதந்தரமாக வந்தாளோ, அவ்வளவுக்கு அவளுக்குப் பட்டாளமும் தேசமும் கடன்பட்டவை. கட்டாயத்தால் வந்தாள் என்றால் அது அநீதி. விருப்பத்தால் வந்தாள் என்றால் அது கொடை. இரண்டில் எதை ஏற்றாலும் 'எமக்குப் பொறுப்பில்லை' என்ற முடிவு மட்டும் கிட்டாது.

வேறொரு கூட்டத்தார் வேறு விதமாகக் கேட்பர்: "நம் பாட்டிமார் கப்பல் தளத்தில் வெயிலில் கிடந்து வந்தனர். செயிண்ட் ஜான் தீவிலும் பினாங்கை அடுத்த ஜெரஜா தீவிலும் நோய்த்தடுப்பு முகாம்களில் அடைபட்டனர். லயத்து ஒற்றை அறையிலே குடித்தனம் தொடங்கினர். அவர்களுக்காக அழுதவர் யார்? மின்விசிறியின் கீழ் வாழ்ந்த வெள்ளைக்காரிக்காக நாம் ஏன் இரங்க வேண்டும்?" இக்கேள்வியில் உள்ள வலியை நாம் அறிவோம். ஆனால் துன்பத்தைத் தராசில் வைத்து, கனமானதற்கு மட்டுமே நீதி என்று விதித்தால், உலகில் ஒரேயொருவருக்குத்தான் நீதி கிடைக்கும். நம் பாட்டியும் பிறர் பெயருக்கு எழுதப்பட்ட வேலைக்குப் பின்னே வந்தவள்தான். தன் பெயரிலில்லாத கூரையின் கீழ் அடுப்பு மூட்டியவள்தான். இவளுக்கு நாம் கேட்கும் நியாயத்தினால் அவளுக்குரிய நியாயம் குறைந்துவிடாது; அதன் அடிப்படை உறுதிப்படும்.

வாசலில் நின்ற மற்றொருத்தி

இதுவரை பட்டாளத்து மனைவியின் பக்கம் நின்று பேசினோம். இனி அவளையே நோக்கி ஒரு வினாவை எழுப்புவோம்.

வந்த முதல் வாரத்திலேயே அவள் வாசலில் மற்றொரு பெண் வந்து நிற்பாள். கையில் பழைய எஜமானிகள் எழுதிக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரங்கள் இருக்கும். அவளை 'அமா' என்பார்கள். தாய்நாட்டில் தன் வீட்டுப் படியைத் தானே முழங்காலிட்டுக் கழுவிய சார்ஜெண்டின் மனைவி, இங்கே ஒரே நாளில் 'மேம்' ஆகிவிடுவாள். நம் தோட்டத்து வழக்கில் சொன்னால் 'துரைசாணி' ஆகிவிடுவாள். அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிச் சோறூட்ட வந்த அந்தப் பெண்ணும் ஒரு தாயாக இருக்கலாம். தன் பிள்ளையைக் கம்பத்தில் கிழவி ஒருத்தியிடம் விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

பட்டாளம் தன்னிடம் எவ்வாறு நடந்ததோ அவ்வாறே இவளிடம் நடக்க அவளுக்கு இப்பொழுது அதிகாரம் வாய்த்துவிட்டது. ஒப்பந்தத்தில் இல்லாததை எதிர்பார்க்கலாம். பெயரைக் கேட்காமல் 'அமா' என்றே கூப்பிட்டு ஆண்டுகளைக் கழிக்கலாம். கரண்டியை மட்டும் எண்ணலாம். அன்றி வேறு விதமாகவும் நடக்கலாம்: பெயர் கேட்கலாம், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கலாம், தான் நோயுற்றால் படுப்பது போல அவளும் நோயுற்றால் படுக்கலாம் என்று ஒப்பலாம். எந்த ஊருக்குப் போவது என்பதில் அவளுக்கு விருப்பம் கேட்கப்படவில்லை. போன ஊரில் எப்படிப்பட்ட மனுஷியாக இருப்பது என்பதிலோ அவளுக்குத் தடையே இல்லை. தேர்ந்தெடுக்காத இடத்தில் மனிதருக்கு எஞ்சும் சுதந்தரம் இதுவே என்று நாம் கருதுகிறோம், அது சிறிதன்று.

இவ்விருவகையாரும் இருந்தனர். வேலிக்கு வெளியே ஒரு நாடு இருந்ததையே அறியாமல் கப்பலேறிப் போனவர்களும் உண்டு. ஊர் திரும்பிய பின்னும் தன் பிள்ளையை வளர்த்தவளுக்குக் கடிதமும் பணமும் அனுப்பியவர்களும் உண்டு. அவசரகாலத்தில் தோட்டத்து லயங்களை ஒன்றுகூட்டி முள்வேலி அடைத்தார்கள். பட்டாளக் குடியிருப்புக்கும் வேலியும் காவலும் இருந்தன. ஒரு வேலிக்குள் அரிசியை அளந்து கொடுக்க, தன் கணவன் பால் வெட்டப் போய் உயிரோடு திரும்புவானா என்று ஒருத்தி காத்திருந்தாள். மற்ற வேலிக்குள், லாரி ஓசை கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடி மற்றொருத்தி காத்திருந்தாள். இரு வேலிகளையும் எழுப்பியது ஓர் அரசாங்கமே. அவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டு பேசியிருந்தால் புரிந்துகொள்வதற்கு அதிக மொழி தேவைப்பட்டிராது.

கணக்கில் வராத மனைவியர்

உடன் வரும் மனைவியைப் பற்றிப் பேசும்போது, வர விடப்படாத மனைவியை மறப்பது தருமமன்று. 1948 ஜனவரி முதல் நான்கு கூர்க்காப் படைப் பிரிவுகள் பிரிட்டிஷ் சேனையைச் சேர்ந்தன; அவற்றின் இருப்பிடம் மலாயாவாக அமைந்தது. ஆங்கிலேய வீரர் ஒவ்வொரு தவணையிலும் குடும்பத்தை அழைத்து வரக் கூடியவராயிருக்க, பல்லாண்டுக் காலம் சாதாரணக் கூர்க்காச் சிப்பாய்க்கு 15 ஆண்டுச் சேவையில் மூன்றாண்டுத் தவணை ஒன்றில் மட்டுமே அவ்வுரிமை வழங்கப்பட்டது. மற்ற ஆண்டுகளில் நேபாளத்து மலையில் அவர் மனைவி மாமனார் மாமியாரையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரே காடு, ஒரே தோட்டா, ஒரே மரணம். மனைவி மட்டும் வேறு வேறு. இவ்விதி இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில்தான் மாற்றப்பட்டது.

நூற்றுக்கு ஆறு என்ற பழைய சீட்டு இவ்வாறு வேறு உருவத்தில் தொடர்ந்து வந்தது. இன்னமும் தொடர்கிறது. நம் தோட்டங்களில் இன்று பனைக்குலை வெட்டும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் தற்காலிக வேலை அனுமதியில் வந்தவர்கள். குடும்பத்தை அழைத்து வர அவ்வனுமதி இடந்தருவதில்லை. அவர்கள் பெயர்களை நாம் செக்ரோலில் எழுதுகிறோம். அப்பெயருக்குப் பின்னே எங்கோ ஒரு கிராமத்தில், தான் கொடாத வாக்குக்குத் தன் வாலிபத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணொருத்தி இருக்கிறாள். நம் தாத்தாமாரும் பாட்டிமாரும் கடந்து வந்த கடலை இன்று கடக்கிறவர்களை, 'பங்களா' என்றும் 'இந்தோன்' என்றும் ஏளனமாக அழைப்பதில் நம்மவர் சிலர் இன்பங் காண்கின்றனர். வெட்கம்! வெட்கம்!

கடன் தீர்ப்பது எவ்வாறு?

வெறும் நன்றியுரையால் இக்கடன் தீருமா? 1984இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், படைவீரரின் வாழ்க்கைத் துணைவர்க்கென ஒரு நாளை அறிவித்தார். அன்னையர் நாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை அந்நாளாகக் கொண்டாடப்படுகிறது. நல்லதே. ஆனால் பூச்செண்டு கொடுக்கும் கை, உரிமை கொடுக்கும் இடத்தில் சுருங்கிவிடக் கூடாது. மூன்று காரியங்கள் அவசியம் என்பது நம் துணிபு.

ஒன்று, உண்மை. போகும் இடம் எது, எவ்வளவு காலம், கணவர் எத்தனை நாள் வீட்டில் இருப்பார் என்பனவற்றை அவளிடமே, முன்னதாகவே சொல்ல வேண்டும். உண்மை தெரியாமல் கொடுத்த சம்மதம் பாதிச் சம்மதமே.

இரண்டு, அவளுக்கென்று தனிப்பெயர். இன்ன சார்ஜெண்டின் மனைவி என்று மட்டுமன்றி, ஆசிரியை, தாதி, தையற்காரி என்று தானாகவே நிற்க அவளுக்கு வழி வேண்டும். ஊர்விட்டு ஊர் மாறுகையில் மனைவியின் தொழில் உரிமம் செல்லாமற் போவது பெருங் குறையாயிருந்தது. அமெரிக்காவில் 2023 ஜனவரியில் பிறந்த சட்டம், ஒரு மாநிலத்து உரிமங்களிற் பலவற்றைப் பிற மாநிலத்திலும் செல்லுபடியாகச் செய்தது. கடல் கடந்த நாடுகளில் அவ்வழி இன்னும் குறுகியதே. இன்று மனைவி படைவீரராயிருக்கக் கணவர் உடன் செல்லும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கும் இவ்வாதம் அப்படியே பொருந்தும்.

மூன்று, கூரை. உத்தியோகத்தோடு கட்டிய வீட்டுக்கு ஒரு பெருங் கொடுமை உண்டு: கணவனை இழக்கும் நாளிலேயே வீட்டையும் இழக்க நேரும். அமெரிக்காவில் வீரர் பணியிலிருக்கும்போதே இறந்தால், அவர் குடும்பம் ஓராண்டு வரை குடியிருப்பிலே தங்கலாம் என்று விதி இருக்கிறது. கண்ணீர் காயுமுன் சாமான்களைக் கட்டச் சொல்லாதிருப்பது மனிதத் தன்மையின் முதற்படி. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, மூன்று தலைமுறையாக விளக்கேற்றிய லயத்தைக் காலி செய்யும்படி அறிவிப்புத் தாள் பெற்ற நம்மவர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

சகோதரர்களே! பட்டாளத்தை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றல் வந்தாலும், ஈப்போவிலிருந்து ஜொகூருக்கு வேலை மாறினாலும், நம்மில் எத்தனை பேர் மனைவியிடம் "உன் எண்ணம் என்ன?" என்று கேட்டோம்? "மாற்றல் வந்துவிட்டது, திங்கட்கிழமை லாரி வரும்" என்று சொன்னவர்களே மிகுதி. அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள்; பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள்; புது அயலாரிடம் உப்புக் கேட்டுச் சிநேகம் பிடித்தாள். வீடு தானாகவே அமைந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

எந்த வீடும் தானாக அமைவதில்லை. ஆணை கட்டிடத்தைத் தரும். பட்டியல் கரண்டியைத் தரும். அவற்றை வீடாக்குவது எவராலும் ஆணையிட முடியாத ஒரு மனத்தின் உழைப்பு. அவ்வுழைப்பை உரிமை என்று பெறாமல் கொடை என்று பெறுவோமாக. பெற்ற கொடைக்கு ஈடு செய்ய, அடுத்த ஆணை வருமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தொடங்குவோமாக.